1963 நவம்பர் 23: 'டாக்டர் ஹூ' முதல் பகுதி எப்படி எடுக்கப்பட்டது?

மார்ச் 2, காலை · கேட்டவர்

எங்கே படித்தாலும் இதே மூன்று செய்திதான். பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர் 'டாக்டர் ஹூ'வின் முதல் பகுதி நேரலையாகப் போனது, வெட்டு ஒட்டு எதுவும் கிடையாது. தலைப்பு இசை ஸிந்தசைசரில் வாசித்தது. தலைப்பில் வரும் புகை மாதிரியான உருவங்கள் தண்ணீரில் சாயம் விட்டு எடுத்தவை. மூன்றும் சரியா? செய்முறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். ரசிகர் புராணம் வேண்டாம்.

மார்ச் 2, பகல் · நாடா

மூன்றுமே தவறு.

முதலாவது மட்டும் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. ஒளிபரப்பு 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை. நாம் பார்க்கும் பகுதி பதிவானது அதே ஆண்டு அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை, லண்டன் லைம் குரோவ் ஸ்டூடியோவின் டி தளத்தில். ஆகவே நேரலை இல்லை. ஆனால் நேரலை நாடகம் நடத்துகிற முறையில்தான் பதிவு செய்தார்கள். ஏன் என்பதற்குக் காரணம் நாடாவில் இருக்கிறது. இரவு எழுதுகிறேன்.

மார்ச் 2, இரவு · நாடா

அப்போது பிபிசி பயன்படுத்தியது இரண்டு அங்குல அகல வீடியோ நாடா. நான்கு காந்தத் தலைகள் (பதியும் முனைகள்) பொருத்திய சக்கரம் நாடாவின் குறுக்கே சுழன்று படத்தை எழுதும். 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் நாடா ஓடும் வேகம் விநாடிக்கு 15.625 அங்குலம். விநாடிக்கு 25 படம் என்பதால் ஒரு முழுப் படத்துக்கு நாடாவில் கிடைக்கும் நீளம் 0.625 அங்குலம், சுமார் 16 மில்லிமீட்டர். ஃபிலிம் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் படம் தெரியும். இதில் பழுப்பு நிறப் பூச்சைத் தவிர எதுவும் தெரியாது.

வெட்ட வேண்டுமானால் செய்முறை இது. மிக நுண்ணிய இரும்புத் துகள் கலந்த, சீக்கிரம் ஆவியாகும் திரவத்தை நாடாவின் மேல் தடவ வேண்டும். காந்தம் பதிந்த இடத்தில் துகள் ஒட்டும், கோடுகள் கண்ணுக்குத் தெரியும். கட்டுப்பாட்டுத் தடத்தில் ஒவ்வொரு படத்தின் தொடக்கத்துக்கும் ஒரு துடிப்புக் குறி இருக்கும். உருப்பெருக்கியில் அதைக் கண்டுபிடித்து, இரண்டு படங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் வெட்ட வேண்டும். மறு துண்டையும் அதேபோல வெட்டி, முனைகளைச் சேர்த்து, பூச்சு இல்லாத பக்கத்தில் ஒட்டு நாடா போட வேண்டும். இம்மி பிசகினாலும் ஒட்டின இடம் வரும்போது திரையில் படம் உருளும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒலி. ஒலித் தலை படத்தலைக்கு அடுத்து ஏறத்தாழ 9.25 அங்குலம் தள்ளி இருக்கிறது. அந்த வேகத்தில் இது 0.6 விநாடி. படத்துக்குச் சரியாக வெட்டினால் ஒலி 0.6 விநாடி தள்ளி வெட்டுப்படும். நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போது வெட்டினால் பாதி வார்த்தை போய்விடும். அதனால் எங்கே வெட்டு விழும் என்று எழுதும்போதே தீர்மானித்து, அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் மௌனம் விடுவார்கள். பெரும்பாலும் திரையைக் கறுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

வெட்டிய நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்த முடியாது. நாடாவோ விலை அதிகம். அதனால் ஒரு பகுதிக்கு இத்தனை நிறுத்தம்தான் என்று கணக்கு இருந்தது. "வெட்டே இல்லை" என்பது மிகை. "வெட்டை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள்" என்பதே சரி.

மார்ச் 3 · காமிரா

மேலே 'நாடா' என்ற பெயரில் எழுதுபவர் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, இயக்குநர் வாரிஸ் ஹுசேன் இந்தக் கட்டுப்பாட்டை எப்படிச் சமாளித்தார் என்பது. (லக்னோவில் பிறந்தவர். அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27.)

பள்ளி ஆசிரியர்கள் இருவர் இரவில் காரில் உட்கார்ந்து, சூசன் என்ற மாணவியைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவே வகுப்பறையில் நடந்த பழைய சம்பவங்கள் வருகின்றன. அவற்றில் சூசனைப் பார்க்கிறோம், ஆசிரியர்களின் குரலைக் கேட்கிறோம், ஆனால் ஆசிரியர்கள் படத்தில் இல்லை. சூசன் காமிராவைப் பார்த்தே பதில் சொல்கிறாள். காமிராதான் ஆசிரியரின் கண்.

இது அழகுக்காக மட்டும் செய்ததில்லை. ஆசிரியர் இருவரும் கார் அரங்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வகுப்பறை அரங்கு இன்னொரு மூலையில். அவர்களை அங்கே ஓடவிட்டுத் திரும்ப ஓடிவரச் செய்ய நேரம் இல்லை. அதனால் குரல் காரிலிருந்து, முகம் வகுப்பறையிலிருந்து. கலவை மேசையில் ஒரு காமிராவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் போதும், நாடாவை நிறுத்தவே வேண்டாம். அந்தப் பெண்ணை வெளியிலிருந்து இருவர் ஆராய்கிறார்கள் என்ற கதை உணர்வும் இதனாலேயே கூடிவருகிறது. எனக்கு இந்தப் பகுதியில் ரொம்பப் பிடித்த முடிவு இதுதான்.

லென்ஸ் பக்கம்: ஜூம் கிடையாது. காமிராவின் முகப்பில் சுழலும் தட்டில் நிலையான லென்ஸ்கள். ஒளிபரப்பில் இருக்கும் காமிராவில் தட்டைச் சுழற்றினால் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். அதனால் இன்னொரு காமிரா படத்தில் இருக்கும் சில விநாடிக்குள் சுழற்றி, மறுபடி குவியம் பிடித்துத் தயாராக வேண்டும். நெருங்கிப் போக வேண்டுமென்றால் காமிராவையே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தொடக்கத்தில் பழைய சாமான் கிடங்கின் கதவு திறந்து போலீஸ் பெட்டியை (கதையில் 'டார்டிஸ்' என்ற கால இயந்திரம்) நோக்கிப் போகும் காட்சியைக் கவனியுங்கள். முழு காமிராவும் நகர்கிறது.

மார்ச் 3, இரவு · கேட்டவர்

அப்படியானால் இசையை எப்போது சேர்த்தார்கள்? பிறகு கலந்திருந்தால் மறுபடி நாடாவைத் தொட வேண்டுமே.

மார்ச் 3, இரவு · ஒலி

பிறகு சேர்க்கவில்லை. இசையும் சத்தங்களும் முன்கூட்டியே ஒலி நாடாவில் தயாராக இருக்கும். பதிவின்போது ஒருவர் ஸ்டூடியோவிலேயே அவற்றைக் குறிப்புப் பார்த்து இயக்குவார். நடிகர் பேசுவதும் பின்னணிச் சத்தமும் ஒரே நேரத்தில் கலந்து வீடியோ நாடாவின் ஒலித்தடத்தில் இறங்கும். அரை விநாடி பிந்தி இயக்கினால் பிந்தினதுதான்.

ஃபிலிமில் எடுத்த துண்டுகளும் இதே கதை. கடைசியில் வெட்டவெளியில் போலீஸ் பெட்டி நிற்க, மேலே நிழல் விழுகிறதே, அது ஈலிங் ஃபிலிம் ஸ்டூடியோவில் தனியாக ஃபிலிமில் எடுத்தது. அதைப் பதிவின் நடுவே டெலிசினி இயந்திரத்தில் (ஃபிலிமை வீடியோவாக மாற்றுவது) ஓட்டிச் சேர்ப்பார்கள். இயந்திரம் வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். ஆகவே காட்சி மாறுவதற்கு முன்பே, நடிகர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே 'ஓட்டு' என்று சொல்ல வேண்டும். நடிகர் அன்று வசனத்தை மெதுவாகச் சொன்னால் படம் முந்திவிடும்.

மார்ச் 4 · ஒலி

இப்போது தலைப்பு இசை. 1963இல் பிபிசியிடம் ஸிந்தசைசரே இல்லை. மெட்டு ரான் கிரெய்னர் எழுதியது. அதை ஒலியாக்கியவர் டெலியா டெர்பிஷைர், உடன் டிக் மில்ஸ். இடம் லண்டன் மைடா வேலில் இருந்த ரேடியோஃபோனிக் பட்டறை, பிபிசியின் மின்னணு ஒலிப் பிரிவு. அது 1958இல் தொடங்கியது.

மூலப்பொருள் மூன்று வகை. அடித்தளத் தாளத்துக்கு ஒற்றைக் கம்பியை மீட்டிப் பதிந்த ஒரே ஒரு ஒலி. மேலே வழுக்கிச் செல்லும் மெட்டுக்கு, ஆய்வுக்கூடங்களில் சோதனைக்கு வைத்திருக்கும் அலை இயற்றிகள் (ஆஸிலேட்டர்). காற்றுப்போல வீசும் சத்தத்துக்கு வடிகட்டிய வெண்ணிரைச்சல் (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஸ்ஸ்' ஒலி).

ஒரே கம்பி ஒலியிலிருந்து எல்லாச் சுரமும் வருவது நாடா வேகத்தால். வேகம் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி மேலே. அரைச்சுரம் ஏற்ற 1.0595 மடங்கு. ஏழு அரைச்சுரம் என்றால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இப்படித் தேவையான ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாகப் படியெடுத்துக் கொள்ள வேண்டும். வேகம் கூடினால் ஒலியின் நீளம் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது நீளம். விநாடிக்கு 15 அங்குல வேகத்தில், நிமிடத்துக்கு 120 தட்டு என்று எடுத்துக்கொண்டால் (கணக்குக்காகச் சொல்கிறேன், இந்த மெட்டின் வேகம் இதுவல்ல) ஒரு தட்டு 7.5 அங்குலம். அரைத்தட்டு 3.75. தாளத்தை அளவுகோலால் அளந்து பிளேடால் வெட்டுகிறார்கள். வெட்டைச் சாய்வாகப் போட வேண்டும். நேர்க்குத்தாக வெட்டினால் ஒட்டில் 'டப்' என்று கேட்கும். சாய்ந்தால் ஒரு ஒலி தேய, மற்றது வளர்ந்து நுழையும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் எவ்வளவு சாய்த்தாலும் சொடக்குச் சத்தம் வரும். அடிக்கடி காந்தம் நீக்க வேண்டும்.

வழுக்கும் மெட்டுக்கு அலை இயற்றியின் குமிழைக் கையால் திருப்பி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுக்கிறார்கள். நம் கமகத்துக்குப் பழகிய காதுக்கு அந்த மெட்டு உடனே ஒட்டிக்கொள்வதற்கு இந்த இழுப்பே காரணம் என்று நினைக்கிறேன். சுரங்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை.

மார்ச் 4, இரவு · நாடா

இதில் ஒன்று விட்டுப்போயிற்று: பல தடப் பதிவுக் கருவி அவர்களிடம் இல்லை. தாளம் ஒரு நாடாவில், மெட்டு ஒரு நாடாவில், மற்றவை இன்னொன்றில். தனித்தனி இயந்திரங்களில் மாட்டி, ஒரே நொடியில் கையால் தொடங்கி, எல்லாவற்றையும் இன்னொரு இயந்திரத்தில் சேர்த்துப் பதிய வேண்டும். எங்கோ ஒரு ஒட்டில் கால் அங்குலம் கூடுதல் இருந்தால் அதற்குப் பிறகு எல்லாமே விலகி ஓடும்.

ஒருமுறை அப்படி விலகியபோது எந்த நாடாவில் பிழை என்று காதால் பிடிக்க முடியவில்லை. மைடா வேலின் நீண்ட தாழ்வாரத்தில் நாடாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டு, ஒட்டுகள் எங்கே ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று நடந்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். டிக் மில்ஸ் சொல்லியிருக்கும் செய்தி இது. இசையைக் கண்ணால் சரிபார்த்த முறை. நீளம்தான் நேரம் என்று புரிந்தவர்களுக்கு மட்டும் தோன்றும் வழி. டெர்பிஷைர் கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தவர்.

திரையில் அவர் பெயர் வரவில்லை. 'பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறை' என்று மட்டும் போட்டார்கள், அங்கே விதி அப்படி. 2013இல் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பகுதியில்தான் தொடரில் அவர் பெயர் வந்தது. அவர் 2001இலேயே இறந்துவிட்டார். இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

மார்ச் 5 · காமிரா

மூன்றாவது கேள்வி, தலைப்புக் காட்சி. சாயம் இல்லை, புகை இல்லை, வரைபடம் இல்லை. ஒரு காமிராவை, அதே காமிராவின் படம் தெரியும் மானிட்டரை நோக்கித் திருப்பி வைத்தார்கள். மைக்கை ஒலிபெருக்கி அருகே கொண்டுபோனால் ஊளையிடுமே, அதன் பட வடிவம் இது. வடிவமைத்தவர் பெர்னார்ட் லாட்ஜ். காமிராச் சுற்றை இயக்கிக் கொடுத்தவர் நார்மன் டெய்லர்.

சுற்றில் ஒரு முறை போய்வரும்போது ஒளி எத்தனை மடங்காகிறது என்பதுதான் எல்லாம். ஒன்றுக்குக் குறைவானால் உருவம் இரண்டு மூன்று சுற்றில் அணைந்துவிடும். ஒன்றைவிட நன்றாகக் கூடினால் திரை முழுக்க வெள்ளை. ஒன்றை ஒட்டி, மிகச் சிறிதளவு மேலே நிற்கும்போது உருவம் தானாக வளரும், கிளைக்கும், உடையும். ஆகவே இயக்குபவரின் கை இரண்டு குமிழ்களை விட்டு நகராது: மானிட்டரின் வெளிச்சம், காமிராவின் பெருக்கம்.

மானிட்டரின் படம் காமிராச் சட்டத்தில் சற்றே சிறிதாக விழுந்தால் உருவங்கள் உள்நோக்கிச் சுருங்கிப் போகும். சற்றே பெரிதாக விழுந்தால் நம்மை நோக்கி விரிந்து வரும். காமிராவைச் சாய்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சாய்வு கூடிக்கொண்டே போகும், சுழல் கிடைக்கும்.

தொடரின் பெயர் எழுத்துகளை இதே சுற்றுக்குள் ஊட்டியதுதான் அருமை. எழுத்து மேகத்தின் மேல் ஒட்டப்படவில்லை. எழுத்தின் ஒளியே மேகமாகிறது.

கிடைத்ததை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் பிடித்துக்கொண்டு, ஃபிலிமாக வெட்டித் தொகுத்தார்கள். ஏன் ஃபிலிம் என்பதற்கு மேலே நாடா எழுதியதைப் படியுங்கள்.

மார்ச் 5, இரவு · கேட்டவர்

ஃபோனையும் டிவியையும் வைத்து முயன்றேன். ஃபிரேமுக்குள் ஃபிரேமாகச் சுரங்கம் மட்டும் வருகிறது. மேகம் வரவில்லை.

மார்ச் 6 · காமிரா

இரண்டு காரணம். ஒன்று, ஃபோன் தானாகவே வெளிச்சத்தைத் திருத்துகிறது. பெருக்கம் ஒன்றைத் தாண்டும் கணமே அது குறைத்துவிடும். வெளிப்பாடு, குவியம், வெண்சமநிலை மூன்றையும் கையால் பூட்டுங்கள். டிவியில் 'இயங்கும் மாறுபாடு', இரைச்சல் நீக்கி இரண்டையும் அணையுங்கள்.

இரண்டாவது, சட்டத்தின் விளிம்பு தெரிகிறது. திரையின் ஓரம் காமிராவில் விழாதபடி நெருங்கிப் போங்கள். அறையை இருட்டாக்குங்கள். குவியத்தை ஒரு இழை விலக்கி வையுங்கள், அப்போதுதான் சதுரப் புள்ளிகள் மறைந்து விளிம்புகள் கரையும். பிறகு சிறு டார்ச் ஒளியைத் திரையின் குறுக்கே ஒரு கணம் காட்டிவிட்டு எடுங்கள். விதை போட்டால்தான் வளரும்.

இவ்வளவு செய்தாலும் 1963இன் தசைபோன்ற நெகிழ்வு முழுக்க வராது. அன்றைய காமிராக் குழாய் முந்தைய படத்தை உடனே விடாது, சுவடு தங்கும். மிகப் பிரகாசமான இடம் பரவி வழியும். அந்தக் குறைகள்தான் உருவத்துக்கு உடல் கொடுத்தன.

மார்ச் 6, பகல் · நாடா

இதோடு தாமதத்தையும் சேர்க்க வேண்டும். பழைய சுற்றில் படம் போய்வர ஏறக்குறைய நேரமே ஆகாது. இன்றைய டிவி படத்தைச் சேமித்து, திருத்தி, பிறகு காட்டுகிறது. சில ஃபிரேம் தாமதம். அதனால் வளர்ச்சி தொடர்ச்சியாக இல்லாமல் துடிப்புத் துடிப்பாக வரும். டிவியில் 'விளையாட்டு' முறை இருந்தால் போடுங்கள், தாமதம் குறையும்.

மார்ச் 7 · ஒலி

ஊளைச்சுற்று பேச்சு வந்ததால் டார்டிஸ் கிளம்பும் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் இதே சங்கதி.

செய்தவர் பிரையன் ஹாட்ஜ்சன். பழைய பியானோ ஒன்றின் கனத்த மந்தரக் கம்பிகளின் மேல் வீட்டுச் சாவியை நீளவாக்கில் இழுத்தார். மந்தரக் கம்பிகளில் செம்புச் சுற்று இருப்பதால் அரம்போலக் கரகரக்கும். அதைப் பதிந்து, வேகத்தை மாற்றி, சில பகுதிகளைத் திருப்பி ஓட்டினார். திருப்பினால் அடித்துத் தேயும் ஒலி, தேய்விலிருந்து வளரும் ஒலியாகிவிடும். ஏதோ தூரத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வருவதுபோல இருப்பது அதனால்தான்.

மேலே எதிரொலி. பதியும் தலைக்குப் பிறகு இருக்கும் கேட்கும் தலையிலிருந்து ஒலியை எடுத்து மறுபடி பதியும் தலைக்கே அனுப்ப வேண்டும். தலைகளுக்கு நடுவே 2 அங்குலம், வேகம் 15 அங்குலம் என்றால் எதிரொலி இடைவெளி 0.13 விநாடி. வேகத்தைப் பாதியாக்கினால் 0.27. திருப்பி அனுப்பும் அளவு ஒன்றை நெருங்கும்போது எதிரொலி தேயாமல் தன்மேல் தானே அடுக்கிக்கொண்டே போகும். காமிரா சொன்ன அதே எல்லை. ஆக, கண்ணுக்கும் காதுக்கும் அந்நியமாகத் தோன்றுபவை இரண்டும், இயந்திரம் தன் வெளியீட்டையே விழுங்கும்படி செய்து பிறந்தவை. யாரும் வேற்றுலகத்தைக் கற்பனை செய்து வரையவில்லை.

மார்ச் 7, இரவு · காமிரா

டார்டிஸ் முதன்முதலாகக் கிளம்பும்போது முகங்களின் மேல் படர்வதும் அதே ஊளைச்சுற்றுப் படங்கள்தான், கவனித்தீர்களா? தலைப்பில் பார்த்தது கதைக்குள் வந்துவிடுகிறது.

மார்ச் 8 · கேட்டவர்

அக்டோபர் 18 என்றீர்கள். செப்டம்பர் 27 என்றும் படித்திருக்கிறேன்.

மார்ச் 8 · நாடா

இரண்டும் உண்மை. செப்டம்பர் 27 முதல் முயற்சி. பிபிசி நாடகத்துறைத் தலைவர் சிட்னி நியூமன் பார்த்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். முதல் முயற்சியும் அழியாமல் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல பாடம்.

முதல் முயற்சியில் டார்டிஸ் உள்ளறைக் கதவுகள் சரியாக மூடாமல் ஆடிக்கொண்டும் இடித்துக்கொண்டும் இருக்கின்றன. மோட்டார் இல்லை, பின்னாலிருந்து ஆள்தான் தள்ள வேண்டும். பெரிய கதவு, லேசான சட்டம். தள்ளினால் நின்ற இடத்தில் நிற்காது. இன்றைக்கென்றால் கதவைத் தனியாக எடுத்து ஒட்டிவிடலாம். அன்று கதவு பிழைத்தால் அந்தத் தொடர் காட்சி முழுவதும் மறுபடி.

எழுத்திலும் மாற்றம். முதலில் சூசன் தான் 49ஆம் நூற்றாண்டில் பிறந்தவள் என்கிறாள். இரண்டாவதில் நூற்றாண்டு எண் போய்விட்டது, வேறொரு காலம், வேறொரு உலகம் என்பதோடு நிற்கிறது. கதையின் நாயகர் டாக்டரின் கடுமையும் குறைந்தது. தலைப்பு இசையின் தொடக்கத்தில் இருந்த இடிச் சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். மூன்றும் நல்ல திருத்தங்கள். எண் சொன்னால் எல்லை தெரிந்துவிடும்.

மார்ச் 9 · கேட்டவர்

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். தொடரில் வரும் இயந்திர உடல் வில்லன் டாலெக்கின் குரலும் இந்தப் பட்டறை வேலையா? செயலியில் 'ரோபோ' அழுத்தினால் அது வரவில்லை.

மார்ச் 9, இரவு · ஒலி

அது இரண்டாவது கதை. டிசம்பர் 21 பகுதியின் முடிவில் டாலெக்கின் கை மட்டும் தெரியும். குரலுக்குப் பயன்பட்டது வளையப் பண்பேற்றி (ரிங் மாடுலேட்டர்). நான்கு டையோடு வளையமாக, இரு பக்கமும் நடுமுனை எடுத்த மின்மாற்றி. ஒரு வாயிலில் குரல், மறு வாயிலில் 30 ஹெர்ட்ஸ் அலை. இரண்டையும் பெருக்கித் தரும். 1000 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 970உம் 1030உம் வெளியே வரும், மூல 1000 வராது. ஒலி விநாடிக்கு 60 முறை பூச்சியத்தைத் தொட்டு எழும். அதுதான் அந்த நறநறப்பு.

கெடும் இடங்கள்: டையோடுகள் ஒத்த குணமாக இல்லாவிட்டால் 30 ஹெர்ட்ஸ் உறுமல் பேசாதபோதும் கசியும். அலையை நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் வெண்கல மணிபோல ஆகி, சொல் புரியாது. முக்கியமானது நடிப்பு. ஒரே சுருதியில், அசை அசையாக வெட்டிப் பேச வேண்டும். இயல்பாகப் பேசினால் என்ன கருவி வைத்தாலும் தொலைபேசி கோளாறுபோலத்தான் கேட்கும். பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரஹாமும் பதிவின்போதே மைக்கில் பேசினார்கள். உள்ளே இருக்கும் ஆள் அதைக் கேட்டு, அசைக்கு ஏற்பத் தலைவிளக்கைப் பொத்தானால் எரிப்பார். விளக்கு இல்லையென்றால் எது பேசுகிறது என்றே தெரியாது.

மார்ச் 11 · நாடா

எந்தப் பிரதியைப் பார்ப்பது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு. மூல வீடியோ நாடா இல்லை. வெளிநாட்டு விற்பனைக்காக, மானிட்டர் படத்தை 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் பிடித்த பிரதியிலிருந்துதான் இன்று பார்க்கிறோம். வீடியோ விநாடிக்கு 50 அரைப்படம். ஃபிலிமுக்கு வந்தபோது 25 படமானது. அதனால் ஸ்டூடியோக் காட்சிகளும் சினிமாபோல அசைகின்றன, 1963இல் வீட்டில் பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை. விட்ஃபயர் என்ற முறை, இரண்டு படங்களுக்கு நடுவே இருந்திருக்க வேண்டிய அசைவைக் கணக்கிட்டு 50ஐ மீட்கிறது. அந்த முறையில் சீரமைத்த பிரதியில் பாருங்கள்: ஸ்டூடியோக் காட்சி வழவழவென்று ஓடும், ஈலிங் ஃபிலிம் துண்டு வந்ததும் அசைவு மாறும். டெலிசினி எங்கே நுழைகிறது என்று கண்ணாலேயே குறித்துக்கொள்ளலாம்.